மதிக்குக் கைராசி கிடையாது

எங்கள் ஆலையில் கைபேசியை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் செய்தி எனக்கு வாயில் காவலர் அறை வழியாக வந்தது. நான் ஒரு வெப்பமானியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் வந்து, "பிரபு, கேட்ல உனக்கு போன் வந்திருக்குது" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் போய்க் காவலர் மேசையிலிருந்த போனை எடுத்தேன். டிபன் கடை எஸ்தர் அக்காவின் குரல்.

"தம்பி, பைக்க எடுக்காத. யார்னா ஒருத்தர கூட்டிக்கினு வா."

போனை வைத்துவிட்டார். கூட வேலை செய்யும் ஒருவன் தன் காரில் கூட்டி வந்தான். ஒரகடத்திலிருந்து காஞ்சிபுரம் வரும்வரை அவன் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். நான் ஏசி காற்று வரும் துவாரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பயணத்தில் எனக்கு நினைவிருப்பது அது மட்டும்தான்.

என் மனைவி ஜினமதியை உங்களில் பெரும்பாலோர் மதி என்றே அறிவீர்கள். தான் நடத்தும் வெந்நீர் வீட்டில் ஒருவருக்குக் கால் துடைத்துக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்திருக்கிறாள். தலைக்குள் ரத்தக் கசிவு. மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள். எனக்கு எழுந்த எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். பிறகு கேள்விகள் தீர்ந்துவிட்டன.

படத்திறப்பில் என்னைப் பேசச் சொன்னீர்கள். மேடையில் பேச எனக்கு வராது. எழுதிக் கொடுக்கிறேன், யாராவது படித்துவிடுங்கள், அல்லது அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மதி பல வருடங்களாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தாள். அந்த மாத்திரையால்தான் அவள் போய்விட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு. அதைக் கேட்டு உங்களில் சிலர் டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டதாகத் தெரிகிறது. அவர்களில் ஒருவர் எஸ்தர் அக்கா. அவருக்கு அந்த மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மதிக்கும் தெரியும். அதனால் புகழ்ந்து எழுத எனக்கு நேரமில்லை, தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவளை நான் முதலில் பார்த்தது ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில். அவள் அங்கே வேலை செய்துகொண்டிருந்தாள். நான் அப்போது கருவிகள் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் இருந்தேன். கை மூட்டுவலிக்காரர்களுக்காக மெழுகை உருக்கி வைக்கும் ஒரு பெட்டி சரியாகச் சூடாகவில்லை என்று அழைத்திருந்தார்கள். மதிய நேரம், அறையில் யாரும் இல்லை. அவள் மட்டும் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளேயிருந்து டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்டது. மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் ரிலே போய்விட்டது என்று நினைத்து அதைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. மின்சாரத்தைத் துண்டித்தேன். அப்போதும் நிற்கவில்லை. கீழே படுத்து, பெட்டிக்கு அடியில் காதை வைத்துக் கேட்டேன்.

"மெஷின்ல இல்லபா, அது நான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு ஒன்று கெட்டுப்போயிருக்கிறது. பத்தொன்பது வயதில் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அது மூடும் சத்தம், ஒல்லியான உடம்பு என்பதால், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும். "எவ்ளோ நேரம்தான் கண்டுபிடிக்காம இருக்கறன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்று சிரித்தாள். நான் கழற்றிய ரிலேவைத் திரும்ப மாட்டினேன். அதில் எந்தப் பழுதும் இல்லை. பெட்டி ஏன் சூடாகவில்லை என்பதைக் கண்டுபிடிக்க மறுநாளும் போக வேண்டியிருந்தது. அதற்கு மறுநாளும் போனேன்.

திருமணத்துக்கு முன்பே அவளுடைய டாக்டரிடம் இருவரும் போய்ப் பேசினோம். இந்த மாத்திரையோடு பிள்ளை பெறுவதில் இருக்கும் ஆபத்தை அவர் விளக்கினார். வெளியே வந்து ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். "யோசிச்சு சொல்லு, இன்னிக்கே சொல்லணும்னு இல்ல" என்றாள். நான் அன்றே சொன்னேன். வீட்டில் நாங்கள் இருவர்தான் என்று அப்படி முடிவாயிற்று.

வெந்நீர் வீடு இப்போது இருக்கும் இடம் முன்பு ஒரு சாயப் பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் தொட்டிகள், தண்ணீர் வெளியே ஓடச் சரிவான தரை, பெரிய அடுப்பு எல்லாம் ஏற்கெனவே இருந்தன. வாடகைக்குப் பார்க்கப் போன அன்று மதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே முழுக்க நடந்து பார்த்தாள். திரும்பி வந்தபோது பாதம் முழுக்க அரக்குச் சிவப்பு. "அழகா மருதாணி வச்சு அனுப்பறாங்க, இதவிட நல்ல எடம் கிடைக்குமா?" என்றாள். தறியில் உட்கார்ந்து முழங்கால் போனவர்கள், ஆட்டோ ஓட்டி இடுப்பு போனவர்கள், கீமோ முடிந்து வீட்டுக்குப் போகத் தெம்பில்லாதவர்கள், இவர்களெல்லாம் வந்து வெந்நீரில் கால் வைத்து, கழுத்தும் தோளும் பிடித்துவிடப்பட்டு, கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுப் போகலாம். வாசல் பலகையில் பெரிய பெயர் ஏதோ எழுதினோம். நீங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. முதல் வாரமே வெந்நீர் வூடு என்று பேர் வைத்துவிட்டீர்கள்.

தண்ணீரின் சூட்டை அளக்கும் பெட்டி நான் செய்தது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி போனவர்களுக்குக் கொதிக்கிற தண்ணீரும் தெரியாது. அதனால் குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போனால் தானாக நின்றுவிடும்படி அமைத்தேன். மதி அந்தப் பெட்டியை நம்பினாள். ஆனாலும் ஒவ்வொரு தொட்டியிலும் தன் முழங்கையை முக்கிப் பார்த்த பிறகுதான் ஒருவரைக் கால் வைக்கவிடுவாள். "உன் மெஷின் மேல சந்தேகம் இல்லபா, கரண்ட் மேலதான் சந்தேகம்" என்பாள்.

உள்ளே வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது எங்கே வலிக்கிறது என்பதை அல்ல. "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பாள். டாக்டர் சீட்டைப் பார்க்காமல் யாரையும் தொடமாட்டாள். இதனால் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் ஒருவர் அப்படித்தான் கத்தினார். ஒரு கெண்டைக்கால் வலிக்கிறது, எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட வேண்டும் என்று வந்தார்.

"ரெண்டு காலயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க" என்றாள் மதி. "ஒண்ணு தோசை, ஒண்ணு பூரி."

"அதுக்குத்தான் உருவிவிடச் சொல்றேன். காசு குடுக்கறேன்ல?"

"ஒரு கால் மட்டும் வீங்குனா நான் தொடமாட்டேன். உள்ள ரத்தம் கட்டியிருந்தா, நான் உருவுற உருவுல அது நெஞ்சுக்குப் போயிடும். ஆட்டோ சொல்றேன், ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவர் திட்டிக்கொண்டே போனார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கட்டி இருந்தது. சிகிச்சை முடிந்து தேறி வந்தவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்ன விதம்தான் தலைகீழாகிவிட்டது. "அந்தப் பொண்ணுக்கு இன்னா கைராசி தெரியுமா? தொடாமலே கண்டுபிடிச்சுட்டா!" அதன் பிறகு கூட்டம் கூடியது. மதிக்கு வந்த கோபத்தை நான் மட்டும் பார்த்தேன். "தொடாததுக்கு எப்படிபா கைராசி? நான் படிச்சதச் சொன்னேன். ஸ்கேன் எடுத்தவங்க கண்டுபிடிச்சாங்க. கைராசியாம், கைராசி!" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். அன்று ஒரு டம்ளர் நசுங்கியது.

ஓரிக்கையிலிருந்து ஒரு டீச்சர் வருவார். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய டாக்டர் கால் ஊறவைக்கலாம், கழுத்தை மெதுவாகப் பிடித்துவிடலாம், அதற்கு மேல் எதுவும் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். மதி அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. முதல் நாள் டீச்சர் கேட்டார்:

"இதனால எனக்குக் குணமாகுமா?"

"ஆகாது மிஸ்."

"அப்புறம் எதுக்கு?"

"கால் சூடா இருக்கும்."

டீச்சர் சிரித்துவிட்டார். பல நாள் கழித்துச் சிரித்ததாக அவரே பிறகு சொன்னார். சிகிச்சை முடியும்வரை ஒவ்வொரு முறையும் வந்து, கால் சூடானதும் எழுந்து போவார். மதி ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "நோயப் பாத்துக்கறது டாக்டர் வேல. அவங்களுக்கு நேரம் பத்தாது. வலியோட ஒருத்தர் உக்காந்துக்கினு இருக்காங்க இல்ல, அவங்க பக்கத்துல உக்கார ஆள் வேணும். அவ்ளோதான் நம்ம வேல. இத பெருசு பண்ணாத." வெந்நீர் வீட்டைப் பற்றி அவள் சொன்னதிலேயே நீளமான பேச்சு இதுதான்.

அவள் பிறந்தது ஒரு சமணக் குடும்பத்தில். இருட்டின பிறகு சாப்பிடமாட்டாள். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு பலதை விட்டாள், இதை மட்டும் விடவில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே வெந்நீர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத் தன் மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். அவள் டப்பாவைத் திறக்கும்போது, "உங்களுதும் எடுங்க" என்று எல்லாரையும் பார்ப்பாள். படுத்திருப்பவர், தொட்டியில் கால் வைத்திருப்பவர், எல்லாருமே அவரவர் மாத்திரையை எடுப்பார்கள். சரளா வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே வருவாள். அங்கே மதியோடு வேலை செய்த சரளா இதைப் பந்தி என்றுதான் சொல்வாள். "வாங்க வாங்க, பந்தி போட்டாச்சு. இலையில மாத்திரைதான், பாயசம் கேக்காதீங்க."

இனி எஸ்தர் அக்கா. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிபன் கடை போட்டிருக்கும் அவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஐயம்பேட்டையிலிருந்து விடியற்காலையில் ஷேர் ஆட்டோவில் மாவுப் பாத்திரத்தோடு வந்து இறங்குவார். முதலில் முழங்கால் வலிக்காகத்தான் வெந்நீர் வீட்டுக்கு வந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னதும் மதி அவரை டாக்டரிடம் அனுப்பினாள். இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, அதனால் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் அடைத்துவிடலாம், வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். மதி சாப்பிட்ட அதே மாத்திரை. எஸ்தர் அக்கா சீட்டைக் கொண்டுவந்து தொட்டி ஓரமாக வைத்தார்.

"சாவற வரைக்கும் மாத்திரையாம். எனக்கு வாணாம்மா. நான் ஜெபம் பண்ணிக்கறேன்."

"ஜெபம் பண்ணுங்க. மாத்திரையும் போடுங்க."

"ரெண்டும் ஒண்ணா எப்படிம்மா? அப்ப கர்த்தர நம்பலன்னு ஆவுது."

மதி எஸ்தர் அக்காவின் தலையை இழுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிடித்த பிடியில் அக்காவின் கொண்டை அவிழ்ந்துவிட்டது. நான் அன்று பெட்டியில் ஒரு ஒயரை மாற்றிக்கொண்டிருந்தேன், பார்த்தேன். எஸ்தர் அக்காவின் கண்கள் அகலமாகத் திறந்தன.

"ஐயோ, இன்னாம்மா இது! உள்ள வாட்சு வச்சுக்கினு இருக்கறியா?"

"டாக்டர் வச்சாரு."

"நெஜமாவா?"

"நெஜமா. இது ஓடணும்னா தெனமும் சாவி குடுக்கணும். அந்தச் சாவிதான் இந்த மாத்திரை. உங்க கர்த்தர் அந்த டாக்டர எனக்கு அனுப்புனாருன்னு வச்சுக்கங்களேன்."

எஸ்தர் அக்கா தலையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "உன் டாக்டருக்கு யாரு சாவி குடுக்கறா, அதச் சொல்லு" என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் தளும்பியது. அன்று சாயங்காலம் பந்தியில் அவரும் உட்கார்ந்தார்.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாதம் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தம் அதிகமாக நீர்த்தாலும் ஆபத்து, குறைவாக நீர்த்தாலும் ஆபத்து. பரிசோதனையில் வரும் எண்ணைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். அதன் பிறகு மதியும் எஸ்தர் அக்காவும் ஒன்றாகவே போய்வந்தார்கள். யாருடைய எண் சரியாக இருக்கிறது என்று இருவருக்கும் போட்டி. தோற்றவர் வழியில் காபி வாங்கித் தர வேண்டும்.

மதி போன பிறகு வீட்டுக்கு நிறையப் பேர் வந்தீர்கள். நன்றி. நீங்கள் உட்கார்ந்திருந்தபோது நான் பேசாமல் இருந்ததைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் பெரிதாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் கிடையாது. ஒரு டிக் டிக் போதும் என்று அவள் வேண்டாமென்றாள். இப்போது வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது. அதையும் நிறுத்திப் பார்த்தேன். திரும்பப் போட்டுவிட்டேன்.

வந்தவர்களில் பலர் அவளுடைய கையைப் பற்றிப் பேசினீர்கள். எவ்வளவு இதமான, சூடான கை என்றீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். உங்களைத் தொடுவதற்கு முன் வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொள்வாள். வீட்டில் அப்படிச் செய்யமாட்டாள். மழைக்காலத்தில் வேண்டுமென்றே என் கழுத்தில் கொண்டுவந்து வைப்பாள். நீங்கள் சொன்ன அந்தச் சூடான கையைப் பற்றி நானும் உங்களோடு சேர்ந்து அழுதிருக்கலாம். ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த கையைப் பற்றிப் பேச அங்கே யாரும் இல்லை.

அலமாரியில் அவள் வைத்திருந்த எண்ணெய்ப் பாட்டில்களைப் பிரசாதம் போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி எடுத்துப்போனீர்கள் என்று சரளா சொன்னாள். எடுத்துப்போனதில் எனக்கு வருத்தமில்லை. அது கடையில் வாங்கிய நல்லெண்ணெய். தயவுசெய்து காயத்தில் தடவாதீர்கள்.

அதே நாள் சரளா இன்னொன்றும் சொன்னாள். "அண்ணே, பந்தியில பாதிப் பேர் டப்பாவத் தொறக்கறதே இல்ல. மதி அக்காவுக்கே இப்படி ஆச்சு, நாம எதுக்கு முழுங்கணும்னு கேக்கறாங்க. எஸ்தர் அக்கா சுத்தமா நிறுத்திட்டாங்களாம். கடைக்குப் போய்ப் பாத்தேன், பேசவே மாட்டேங்கறாங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐயம்பேட்டைக்குப் போனேன். எஸ்தர் அக்கா ஆராதனை முடித்து வந்து, வெள்ளைப் புடவையை மாற்றாமல் வாசலில் உளுந்து களைந்துகொண்டிருந்தார். கணவர் இறந்து பல வருடங்கள். மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழவில்லை, ஒரு முக்காலியை மட்டும் காலால் தள்ளிவிட்டார். உட்கார்ந்தேன். என்ன பேச வேண்டும் என்று பேருந்தில் யோசித்து வைத்திருந்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"எதுக்கு வந்தன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லு. அந்த மாத்திரையாலதான அவ போனா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் மதி ஓரிக்கை டீச்சரிடம் சொன்ன பதில் எனக்குத் தெரியும். "ஆமாங்கா" என்றேன். "கசிவு எப்படி வேணா வந்திருக்கும். மாத்திரை இருந்ததால ரத்தம் நிக்கல. டாக்டரே சொன்னாரு."

அவர் களைவதை நிறுத்தினார். "அப்ப நான் நிறுத்துனது சரிதான?"

"அக்கா, அவளுக்கு வால்வு வச்சது பத்தொம்போது வயசுல. மாத்திரை இல்லாம இருந்தா அது அப்பவே அடைச்சிருக்கும். நான் அந்த ஆஸ்பத்திரி ரூமுக்குப் போயிருப்பேன், மெஷின ரிப்பேர் பண்ணிட்டு வந்திருப்பேன். அங்க யாரும் நின்னிருக்க மாட்டாங்க. அந்த மாத்திரைதான் அவள எனக்குக் குடுத்துச்சு. அதுவேதான் எடுத்துக்கிச்சு. இத்தன நாளா யோசிச்சுக்கினே இருக்கறேன். அது வேணாம்னு என்னால சொல்ல முடியலக்கா."

நான் இவ்வளவு பேசுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். தெருவில் யாரோ பைக்கைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். எஸ்தர் அக்கா உளுந்துத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்கு மட்டும் தெரியாதா, அது இல்லன்னா இன்னா ஆவும்னு? பயந்து நிறுத்தல தம்பி. டெஸ்ட் எடுக்கத்தான் போனேன், தனியா. அந்த பெஞ்சுல போய் உக்காந்தேன். பேர கூப்புட்டாங்க. எழுந்திரிக்க முடியல. பக்கத்துல எடம் காலியா இருக்குது பாரு, அதப் பாத்துக்கினே உக்காந்திருந்தேன். அப்புறம் பேசாம எழுந்து வந்துட்டேன். டெஸ்ட் இல்லாம மாத்திரை போடக்கூடாதுன்னு அவதான சொல்லிக் குடுத்தா? அதான் போடல. கேக்கறவங்களுக்கு இன்னா சொல்றது? எல்லாரும் சொல்றதையே நானும் சொல்லிட்டேன்."

அந்தக் காலியான இடத்தைப் பற்றி அவர் சொன்னபோது, மதி போன பிறகு முதல் முறையாக, நான் பார்ப்பதையே பார்க்கிற இன்னொருவர் இருக்கிறார் என்று தோன்றியது.

"நாளைக்கு லீவு போடறேன்" என்றேன்.

"நீ எதுக்கு லீவு போடற? சம்பளம் புடிப்பான்."

"புடிக்கட்டும்."

"உன்ன பாத்தா யாருன்னு கேப்பாங்களே, இன்னா சொல்றது?"

"மதி வூட்டுக்காரன்னு சொல்லுங்க."

"அது அங்க எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுது முடித்ததும், சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். பொய் என்று தெரிந்து தோசை வார்க்கப் போனார்.

மறுநாள் டாக்டர் அவரை நன்றாகத் திட்டினார். நிறுத்திய மாத்திரையைத் தானாக மறுபடி ஆரம்பிக்கவும் கூடாது, எண்ணைப் பார்த்துவிட்டு அளவு சொல்கிறேன் என்று பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எஸ்தர் அக்கா, "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்து முறைத்தார். பரிசோதனைக் கூடத்தில் அதே பெஞ்ச். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேரைக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்தோம்.

ரத்தம் எடுத்து ஊசியை உருவிய பெண் பஞ்சை வைத்து, "அழுத்திப் புடிச்சுக்கங்க, உடனே எடுத்துடாதீங்க" என்றார். எஸ்தர் அக்கா கையை மடக்கிக்கொண்டு பிடிக்கவில்லை. கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் நிற்க நேரமாகும். கை வலித்துப் பிடியை விட்டுவிடாமல் ஒருவருக்கு ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்வது அவர்கள் இருவருக்கும் வழக்கமாக இருந்திருக்கிறது. மதி இதை என்னிடம் சொன்னதில்லை.

கட்டைவிரலால் பஞ்சை அழுத்திப் பிடித்தேன். "இன்னும் கொஞ்சம் கெட்டியா" என்றார் எஸ்தர் அக்கா. விரலுக்கடியில் அவருடைய நாடி ஒழுங்கில்லாமல் துடித்தது. இரண்டு துடிப்பு சேர்ந்து வந்தது, பிறகு நின்றது, பிறகு ஓடியது. எந்தக் கருவியில் பார்த்திருந்தாலும் பழுது என்றுதான் எழுதியிருப்பேன். ரத்தம் நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை, நானும் விரலை எடுக்கவில்லை.

வெந்நீர் வீடு திறந்திருக்கும். சரளா இருக்கிறாள், மதியோடு படித்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வாரத்தில் சில நாள் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். டாக்டர் சீட்டோடு வாருங்கள். மதியின் படத்தை நீங்கள் எங்கே மாட்டினாலும் எனக்குச் சம்மதம். அவளிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: மாதம் ஒருமுறை, எஸ்தர் அக்காவின் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை.